கம்பத்தில் தொங்கும் படம் போட்டீர்கள். இறங்கும் படம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் உடற்பயிற்சிப் பக்கத்தில், செங்குத்தான கம்பத்தைப் பிடித்து ஏறியும் சுழன்றும் ஆடும் ‘போல் டான்ஸ்’ பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. கேலியோ முகச்சுளிப்போ இல்லாமல், இதையும் ஓர் உடற்பயிற்சியாக மதித்து எழுதியிருந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. ஆனால் படத்துக்குக் கீழே ‘தொடங்குபவர்களுக்கு’ என்று ஐந்தாறு வரி இருந்ததே, அதில் மூன்றாவது வரியைப் படித்ததும் நாளிதழை மடித்து வைத்துவிட்டேன். “கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கால்களை வேகமாக மேலே வீசித் தலைகீழாகச் செல்லவும்” என்று போட்டிருக்கிறீர்கள். இதை நம்பி யாராவது செய்து பார்ப்பதற்குள் இந்தக் கடிதம் உங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தொழிலில் கணக்காளர். நாற்பது வயதுக்கு மேல்தான் கம்பத்தைப் பிடித்தேன். பெரிய ஆட்டக்காரி அல்ல. சில வருடங்களாகக் கற்றுக்கொண்டு, இப்போது புதியவர்களுக்கான வகுப்பில் எங்கள் ஆசிரியைக்கு உதவியாக நிற்கிறேன். நிற்பதுதான் என் வேலை. யாராவது முதல்முறை தலைகீழாகப் போகும்போது பக்கத்தில் நின்று, ஒரு கையை அவர்களுடைய மேல்முதுகுக்கும் இன்னொன்றை இடுப்புக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கை நழுவினால் தலையும் கழுத்தும் தரையைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பாட்டிங் என்பார்கள். இந்த வேலையில் ஒரு வசதி உண்டு: ஆடுபவரைவிட ஆட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். யார் எந்த நொடியில் தடுமாறுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

அப்படிப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. படத்தில் இருக்கும் நிலையில் பெரும்பாலும் யாரும் விழுவதில்லை. அந்த நிலைக்குப் போகும்போதும், அதைவிட அதிகமாக அதிலிருந்து திரும்பி வரும்போதும்தான் தடுமாறுகிறார்கள். நீங்கள் போட்டதோ நடுவில் உள்ள படம்.

அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் ஒரு முழங்கால் மடிப்பில் கம்பத்தைக் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விட்டுவிட்டுத் தலைகீழாகத் தொங்குகிறார். லெக் ஹேங் என்று பொதுவாகச் சொல்வார்கள். கம்பத்துக்கு அப்பால் இருக்கும் கால் கொக்கியாக இருந்தால் ஜெமினி, கம்பத்தை ஒட்டிய கால் என்றால் ஸ்கார்பியோ என்று பெயர்கள் உண்டு; ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி பெயர் மாறும், அதை விடுங்கள். பார்ப்பவருக்கு முழங்கால் ஒன்றே தாங்குவதுபோல் தெரியும். உண்மையில் கம்பம் உடம்பின் பக்கவாட்டிலும் அழுந்தியிருக்கிறது. கொக்கிக் காலின் குதிகாலை உட்காரும் இடத்தை நோக்கி இழுத்தபடி இருக்க வேண்டும், இடுப்பைத் தொய்ய விடக் கூடாது. இந்த இரண்டு பிடிமானமும் நின்றுவிட்டது என்று உறுதியான பிறகு ஒரு கை. அதன்பின் சற்று நேரம் கழித்து இன்னொரு கை. சிரிப்பு, நீட்டிய விரல்கள் எல்லாம் அதற்கப்புறம்.

சரி, இனி அவர் எப்படி இறங்குவார்? வயிற்றை இறுக்கி மேலுடம்பைத் தூக்கிக் கம்பத்தை எட்டிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் பிடித்த பிறகு, அதற்கு முன்பு கூடாது, கொக்கியை விடுவித்து இரண்டு கால்களையும் கம்பத்தின் இரு பக்கமும் ‘V’ போல விரித்து, அங்கிருந்து முழங்காலை நெஞ்சை நோக்கி மடக்கி, மெதுவாக, மிக மெதுவாகப் பாதங்களைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். தாழ்வாகத் தொங்கினால் இன்னொரு வழி: உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, கையால் நடந்து விலகி, காலை இறக்கலாம். எதுவானாலும் தொங்குவதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். தலைகீழாக ரத்தம் முகத்துக்கு ஏறி, உள்ளங்கை வியர்த்து, முழங்கால் மடிப்பு எரியத் தொடங்கிய பிறகு யோசிக்க முடியாது. மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கத்துகிற பூனைக்குட்டியின் கதைதான் ஆகும். பூனைக்காவது நகம் இருக்கிறது.

எங்கள் ஆசிரியை அதனால்தான் எந்த அசைவையும் பின்னிருந்து முன்னாகச் சொல்லித்தருவார். முதலில் தரைக்கு வருவது. அப்புறம் நிலை. கடைசியில்தான் போவது. புதிதாக வருபவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். ஆனால் இதில் பயம் காரணமான எச்சரிக்கை மட்டும் இல்லை, தசைகளைப் பற்றிய கணக்கும் இருக்கிறது. ஒரு தசை சுருங்கித் தூக்குவதைவிட, நீண்டபடி தாங்கி இறக்கும்போது அதிகச் சுமையைப் பொறுக்கும். ஆகவே மேலே போகப் பலம் இல்லாதவரையும், துணைக்கு ஒருவர் தூக்கிவிட்டால், மெதுவாக இறங்கப் பழக்க முடியும். அப்படி இறங்கி இறங்கியே ஏறும் பலம் வந்துவிடும். புல்-அப் எடுக்க முடியாதவர்களுக்கு ஜிம்மில் செய்யச் சொல்வதும் இதைத்தான்.

எங்கள் வகுப்பில் ஒரு தம்பி. ஜிம்மில் நல்ல பழக்கம், புல்-அப் வரிசையாக எடுப்பார். முதல் நாளே தலைகீழாகப் போக வேண்டும் என்று நின்றார். காலை உதறி வீசினார், போயும் விட்டார். “பாத்தீங்களா அக்கா” என்றார் தலைகீழாக இருந்தபடியே. “சரி தம்பி, இப்ப மெதுவா இறங்குங்க” என்றேன். மெதுவாக வரவில்லை. இரண்டு காலும் மூட்டையாக வந்து மெத்தையில் விழுந்தன. “வேகமாப் போனாத்தானே அக்கா கால் மேல போகுது” என்றார். அதே வகுப்பில் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா, முன்பின் ஜிம் பக்கம் போகாதவர், நாங்கள் தூக்கிவிட, வாராவாரம் இறங்கிக்கொண்டே இருந்தார். அலுத்துக்கொள்ளவே இல்லை. ஒரு மாலை நான் கை கொடுப்பதற்குள் தானாகவே மேலே போய்விட்டார். ஒரு சத்தமில்லை. கால் எங்கே இருக்கிறது என்று அவருக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது அந்த மூன்றாவது வரிக்கு வருகிறேன். தலைகீழாகப் போவதை இன்வெர்ட் என்கிறோம். காலை வீசினால் என்ன ஆகும்? வீச்சின் வேகம் முழுக்கத் தோளில் வந்து நிற்கும், அதுவும் சட்டென்று, உடல் எடையைவிட அதிகமான இழுப்பாக. தோள் மூட்டு நம் உடம்பிலேயே அதிகம் அசையக்கூடிய மூட்டு. அசைவு அதிகம் என்றால் பிடிமானம் குறைவு என்று பொருள். மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை அதன் ஆழமில்லாத குழியில் நிறுத்தி வைப்பவை நான்கு சிறு தசைகள், ரோட்டேட்டர் கஃப் என்பவை. அவை தயாராக இல்லாத நேரத்தில் முழு உடம்பையும் அவற்றின் மேல் எறிகிறீர்கள். இடுப்புக்கு மேல் முதுகும் வில்லாக வளையும். கை வழுக்கினால் முதலில் தரைக்கு வருவது தலை.

சரியாகப் போவது எப்படி என்று எழுத்தில் சொன்னால் நீளும். ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் ஒரு வரியில் சொன்னதற்கு யாராவது பத்து வரி சொல்ல வேண்டும். கம்பம் உடம்புக்கு நேர் முன்னால் இல்லை, பக்கத்தில், அக்குளை ஒட்டி இருக்கும். கைகள் நெஞ்சிலிருந்து முகவாய் உயரத்துக்குள். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக் கம்பத்தைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். தோள்கள் காதைவிட்டு விலகிக் கீழே, தோள்பட்டை எலும்புகள் பின்னால் பதிந்து இருக்க வேண்டும். அதன்பின் மேலுடம்பு பின்னால் சாயும், முழங்கால்கள் நெஞ்சுக்கு வரும், இடுப்பு சுருண்டு மேலெழும். இடுப்பு தலையைவிட உயர்ந்த பிறகுதான் கால்கள் கம்பத்தின் இருபுறமும் விரியும். தரையில் இருந்து பாதம் கிளம்பும்போது ஒரு துள்ளலும் இருக்கக் கூடாது. துள்ளினால்தான் வருகிறது என்றால் இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

நேரம் வராதவர்களுக்குத் தரைப் பயிற்சி இருக்கிறது. கம்பத்தின் அடியில் தலை வருமாறு மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே கம்பத்தை இரு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கி இடுப்பைச் சுருட்டி மேலே தூக்கி, கால்களை விரித்து, மறுபடி முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தரையில் படும்படி இறக்குவது. விழ இடமே இல்லை, ஏற்கனவே தரையில்தானே இருக்கிறோம். பார்க்க ஒன்றும் இருக்காது, படம் எடுத்துப் போட மாட்டார்கள். வயிறு மறுநாள் இருமும்போது நினைவூட்டும்.

தோளைக் கீழே இறக்கு என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், கையை உயர்த்திக் கம்பத்தைப் பிடித்ததும் தோள் காதுக்கு வந்துவிடுகிறது. இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறோம். கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று கையை உயர்த்திப் பிடித்து, முழங்காலை லேசாக மடக்கி எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குக் கொடுக்க வேண்டும். கழுத்து நீளமாகத் தெரிகிறதா, தோளுக்குள் புதைந்துபோகிறதா? புதைந்தால் அந்த நபர் இன்னும் பாதத்தை எடுக்கவே கூடாது. கண்ணாடி முன்னால் தனக்குத்தானே பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒன்றை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்ற பாதி தானாக வரும் என்பது என் எண்ணம். ஆசிரியை அவ்வளவு தாராளமாகச் சொல்ல மாட்டார்.

உங்கள் கட்டுரையில் சுழற்சிகளைப் பற்றி ‘சுலபமானது’ என்று ஒரே சொல்லோடு கடந்துவிட்டீர்கள். ஃபயர்மேன் ஸ்பின் என்கிற முதல் பாடம் சுலபம்தான். உட்கை, அதாவது கம்பத்தை ஒட்டிய கை, உயரே; வெளிக்கை முக உயரத்தில், கம்பத்தை ஒட்டிய பாதத்தால் ஓர் அடி, வெளிக்கால் அகலமாக வட்டம் போட்டு வர, இரு முழங்காலுக்கும் நடுவில் கம்பத்தைக் கவ்வ வேண்டும். இதிலும் பலர் அவசரப்பட்டுக் கம்பத்தை நோக்கிக் குதிக்கிறார்கள். கம்பத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கி அந்த நடையே தூக்கிக்கொண்டு போக வேண்டும். முடிவில் தொப்பென்று அமராமல் ஒரு பாதம் தரை தொட, மற்றது தொடர, எழுந்து நிற்க வேண்டும். இறங்குவது இங்கேயும் ஆட்டத்தின் பாகம்தான்.

கம்பத்தில் ஏறுவதிலும் இப்படியே. கையால் இழுத்து ஏறுவது என்று நினைக்கிறார்கள். கால்தான் ஏறுகிறது. ஒரு பாதத்தை மடக்கிக் கம்பத்தில் கொக்கியாக வைத்து, முன்கால் எலும்பை ஒட்டி, மற்றக் காலைப் பின்னாலிருந்து கொண்டுவந்து கம்பத்தை இரண்டுக்கும் நடுவே நெருக்கி, எழுந்து நிற்க வேண்டும். கைகள் அடுத்த பிடிக்கு நகர்வதற்கு மட்டும். இறங்கும்போது கையைத் தளர்த்திச் சறுக்கிக்கொண்டு வந்தால் உள்தொடைத் தோல் எரிந்துபோகும். கைக்குக் கீழ் கை வைத்து வர வேண்டும்.

தோல் என்றதும் ஒன்று. இந்தக் கட்டுரை வந்த மறுநாள் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் ‘இந்த அரைகுறை உடை எதற்கு’ என்று கேட்டிருந்தார். கேட்டது தப்பில்லை, பதில் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. பளபளப்பான உலோகக் கம்பத்தில் துணி வழுக்கும், தோல் பிடிக்கும். முழங்கால் மடிப்பு, உள்தொடை, பக்கவாட்டு, அக்குள் எல்லாம் இங்கே பிடிமானங்கள். முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டு போல் சிட் போட்டால், அதாவது தொடைகளைக் குறுக்கே வைத்துக் கம்பத்தில் உட்கார்ந்தால், மெதுவாகத் தரைக்கு வந்து சேருவீர்கள். சிலிக்கான் உறை போட்ட கம்பங்களில் உடை போட்டுக்கொண்டே ஆடலாம், அப்படி ஆடுபவர்கள் இருக்கிறார்கள். பவுடர் கோட்டிங் கம்பமும் நன்றாகப் பிடிக்கும். வகுப்பு நாளில் லோஷன், எண்ணெய் எதுவும் தேய்த்துக்கொள்ளக் கூடாது என்பதும் இதனால்தான். மோதிரம், வளையல் கழற்றிவிட வேண்டும்: விரலையும் கிழிக்கும், கம்பத்தையும் கீறும்.

கம்பத்தின் உலோகமும் ஆளைப் பார்த்துப் பழகும். பித்தளை வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் நன்றாகப் பிடிக்கும். குரோம் பொதுவாக எல்லோருக்கும் ஒத்துவரும். துருப்பிடிக்காத எஃகு உழைக்கும், ஆனால் வழுக்கும். குளிர்ந்த கம்பம் எதுவானாலும் பிடிக்காது, கையால் தேய்த்துச் சூடாக்கித்தான் தொடங்க வேண்டும். தடிமன் இப்போது பெரும்பாலும் 45 மில்லிமீட்டர். பழைய கம்பங்கள் 50. சிறிய கைகளுக்கு 50 கஷ்டம். விரல்கள் சுற்றி வந்து சேராது, முன்கை தசை வேகமாகக் களைக்கும். உள்ளங்கை வியர்ப்பவர்கள் லிக்விட் சாக் என்கிற, ஈரத்தை உறிஞ்சும் பூச்சைப் போட்டுக்கொள்கிறார்கள். அது வியர்வைக்குத்தான் மருந்து, பலக்குறைவுக்கு இல்லை.

உங்களுக்கு வந்த இன்னொரு கடிதம், ‘இது நம்ம மல்லகம்பம்தானே, புதிதாக என்ன’ என்கிறது. உறவு இருக்கிறது, ஒன்றல்ல. மல்லகம்பம் மேலே போகப் போக ஒடுங்கும் மரத்தூண்; விளக்கெண்ணெய் தடவி ஆடுவார்கள். எண்ணெய் தடவிய மரத்தில் பிடிமானம் கவ்வலில் இருந்துதான் வர வேண்டும். சர்க்கஸில் பார்க்கும் சீனக் கம்பத்தில் ரப்பர் சுற்றியிருக்கும், ஆடுபவர்கள் முழு உடையும் காலணியும் போட்டிருப்பார்கள். மூன்றிலும் தலைகீழாகத் தொங்குகிறார்கள் என்பதற்காக ஒன்றில் கற்றதை மற்றொன்றில் அப்படியே செய்துவிட முடியாது. மல்லகம்பம் பழகிய ஒரு பையன் எங்கள் வகுப்புக்கு வந்தான். உடம்பு இரும்பு. ஆனால் கம்பம் சுழலத் தொடங்கியதும் திகைத்துப்போனான்.

ஏனென்றால் போல் டான்ஸில் கம்பம் இரண்டு விதம். ஸ்டாட்டிக் என்பது அசையாது, நாம் சுற்ற வேண்டும். ஸ்பின் என்பது கம்பமே சுழலும். சுழலும்போது கைகால்களை உள்ளே இழுத்தால் வேகம் கூடும், வெளியே நீட்டினால் குறையும். பனிச்சறுக்கு நடனத்தில் பார்த்திருப்பீர்கள். இது தெரியாமல் பயந்துபோய் உடம்பைக் குறுக்கிக் கம்பத்தைக் கட்டிக்கொண்டால் இன்னும் வேகமாகச் சுற்றும், இன்னும் பயம் வரும். ஒரு காலை நீட்டுங்கள், வேகம் தணியும், அப்புறம் இறங்குங்கள். இறங்கியதும் நடக்கக் கூடாது. உட்காதில் இருக்கும் திரவம் நின்றுவிட்ட பிறகும் கொஞ்ச நேரம் சுழன்றுகொண்டிருக்கும், தரை சாய்வதுபோல் இருக்கும். கம்பத்தைப் பிடித்துக்கொண்டே நின்று ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும். வகுப்பு தொடங்குமுன் பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு தரம் தள்ளிப் பார்ப்பது என் வழக்கம். ஸ்டாட்டிக் என்று நினைத்து ஏறினவருக்கு அது சுழன்றால் நல்லதில்லை.

வலிகளைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. உள்தொடையிலும் புறங்காலிலும் நீலம் பூப்பது ஆரம்பத்தில் சாதாரணம், தோல் பழகப் பழகக் குறையும். விரல்கள் மரத்துப்போவது, முழங்கையின் உட்புறம் குத்துவது, கையைத் தூக்கும்போது தோளின் முன்பக்கம் பிடிப்பது, இவை சாதாரணம் அல்ல. நிறுத்திவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்க்க வேண்டும். இந்த ஆட்டத்தில் அதிகம் அடிபடும் இடங்களில் தோளும் தொடையின் பின்தசையும் முக்கியமானவை. பின்தசை எப்படி என்றால், ஸ்ப்ளிட் படத்துக்காக உடம்பு சூடாகும் முன்பே காலைக் கிழித்து நீட்டுவதால். வார்ம்அப் என்ற சொல்லே உங்கள் அரைப் பக்கத்தில் இல்லை. பத்துப் பதினைந்து நிமிடம் அதற்குப் போக வேண்டும்: மணிக்கட்டு, தோள், இடுப்பு, வியர்வை அரும்பும் அளவுக்கு.

கடைசிப் பத்தியில் ‘சில வாரங்களில் ஹேண்ட்ஸ்பிரிங்’ என்று ஆசை காட்டியிருந்தீர்கள். இதைத்தான் மூன்றாவது வரிக்கு அடுத்தபடியாக நான் எதிர்க்கிறேன். ஹேண்ட்ஸ்பிரிங், அயீஷா போன்றவற்றில் மேல் கை இழுக்க, கீழ்க் கை தள்ள, உடம்பு தலைகீழாகக் கம்பத்திலிருந்து விலகி நிற்கும். மேல் கையை உள்பக்கமாகத் திருகிப் பிடிக்கும் ட்விஸ்டட் கிரிப் இதற்குப் பிரபலம், உதறிப் போக அது வசதி. ஆனால் திருகிய நிலையில் முழு எடையும் தொங்கும்போது தோளின் மேல் விழும் பாரம் மோசமானது. அதனால் பல ஆசிரியர்கள் கப் கிரிப், ட்ரூ கிரிப் போன்ற, கையைத் திருகாத பிடிகளில், வீச்சு இல்லாமல் தூக்கும் பலம் வந்த பிறகே இதைத் தொட விடுகிறார்கள். தசை வாரங்களில் வளரும். தசையை எலும்போடு கட்டும் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது மாதக்கணக்கில்தான் உறுதிப்படும். ‘இப்போதெல்லாம் எனக்குப் பலம் வந்துவிட்டது’ என்று ஒருவர் உணரும் காலம்தான் தசைநாணுக்கு ஆபத்தான காலம். கீழ்க் கையைப் பற்றியும் ஒரு சொல்: முழங்கை பின்னுக்கு மடங்கும் வளைதன்மை உள்ளவர்கள் அதைப் பூட்டிவிட்டுச் சாயக் கூடாது, மிக லேசாக மடக்கித் தசையால் தாங்க வேண்டும்.

இரண்டு பக்கமும் பழகுங்கள் என்று எங்கள் ஆசிரியை சொல்லாத நாள் இல்லை. எல்லோருக்கும் பிடிக்காத உபதேசம் இது. நல்ல பக்கம் அழகாக வரும்போது கெட்ட பக்கத்தை யார் காட்டுவார்கள்? ஒரு பக்கமே ஆடுபவர்களின் முதுகைப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் தடித்திருப்பது தெரியும். நான் கெட்ட பக்கத்தை முதலில் செய்துவிடுவேன், களைத்த பிறகு அதற்கு மனசு வராது.

வீட்டில் கம்பம் போடுபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். தரைக்கும் கூரைக்கும் நடுவே அழுத்தத்தால் நிற்கும் வகைக் கம்பத்தைப் பொய்க்கூரைக்குக் கீழே நிறுத்தினால் அது நிற்பதுபோல் நடிக்கும். உறுதியான கான்கிரீட்டோ உத்திரமோ மேலே இருக்க வேண்டும், நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஏறும் முன் திருகுகளைச் சோதிக்க வேண்டும். அடியில் விரிக்கும் மெத்தை 10, 12 சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். விழுந்த அடியைக் குறைக்கும், கழுத்து மடங்குவதைத் தடுக்காது. தலைகீழ் அசைவு எதையும் தனியாக இருக்கும்போது முதல்முறை முயலக் கூடாது.

‘இது விளையாட்டா, வேடிக்கையா’ என்ற கேள்வியையும் எழுப்பி விட்டுவிட்டீர்கள். சர்வதேச போல் விளையாட்டுக் கூட்டமைப்பு 2009இல் தொடங்கியது. 2012இல் இருந்து உலகப் போட்டிகள் நடத்துகிறது. மேடையில் இரண்டு கம்பங்கள், ஒன்று அசையாதது, ஒன்று சுழல்வது, இரண்டும் 45 மில்லிமீட்டர். போட்டிக்குரிய ஒவ்வொரு நிலையையும் 2 நொடி அசையாமல் நிறுத்திக் காட்ட வேண்டும். எனக்கு இந்த விதிப் புத்தகத்தில் மிகவும் பிடித்தது வேறொன்று. நிலை எவ்வளவு அழகாக இருந்தாலும், அதற்குள் போவதும் அதிலிருந்து வெளியே வருவதும் முரடாக இருந்தால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். உங்கள் புகைப்படக்காரருக்குத் தெரியாதது நடுவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனவே கேட்பது இதுதான். அடுத்த முறை ஓர் அசைவைப் போடும்போது மூன்று படம் போடுங்கள்: போகும்போது, நிற்கும்போது, இறங்கும்போது. இடம் போதாது என்றால் நடுப் படத்தைச் சிறிதாக்குங்கள். போன வாரப் படத்தில் இருந்த பெண்ணையே கேட்டாலும் இறங்கிக் காட்டுவார், அவர் நன்றாகக் கற்றவர். கொக்கிக் காலின் குதிகாலைப் பார்த்தாலே தெரிகிறது.

அந்த மூன்றாவது வரிக்கு வரும் ஞாயிறு இதே பக்கத்தில், இதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வேண்டும். வார்த்தைகளை நானே எழுதித் தருகிறேன், உங்கள் ஆசிரியர் குழு விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்: “கால்களை வீச வேண்டாம். தகுந்த பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, தோள்களைக் கீழே இறக்கி, முழங்கால்களை நெஞ்சுக்கு மடக்கி, துள்ளாமல் மெதுவாகச் செல்லவும். அதே வேகத்தில் இறங்க முடியாதவர்கள் தரைப் பயிற்சியைத் தொடரவும்.”

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி